காராச்சேவுக்கு அடக்க விலை போட்டீர்களா?

வாசகர் கேள்வி பதில்

கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்குள் போய் மகளிர் குழுக்களுக்குத் தொழிலும் வியாபாரமும் கற்றுக்கொடுப்பதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்களே இந்த இதழை நிரப்பிவிட்டன. வங்கியில் இருந்த காலத்தில் பெரும்பாலும் குழுக் கடன்களைப் பார்த்தவள் நான். ஓய்வுக்குப் பிறகு சில கல்லூரிகளின் மாணவர் அணிகளோடு ஊர்களுக்குப் போய் வருகிறேன். இரண்டு பக்கமும் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

நாங்கள் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவிகள். எட்டுப் பேர் சேர்ந்து, காராச்சேவு போட்டு விற்கும் ஒரு மகளிர் குழுவுக்குத் தொழில்முனைவோர் பயிற்சி ஆரம்பித்தோம். சனிக்கிழமை காலை 11 மணிக்கு வகுப்பு. முதல் வாரம் 15 பேர் வந்தார்கள், மூன்றாவது வாரம் நான்கு பேர். பாடத்திட்டத்தை இத்துடன் இணைத்துள்ளோம். எங்கே தப்பு?
— மாணவி, சாத்தூர்

பாடத்திட்டத்தைப் படித்தேன். சந்தைப் பிரிவு, போட்டியாளர் ஆய்வு, வணிகத் திட்டம், டிஜிட்டல் மார்க்கெட்டிங். நான்கு மாதத்துக்கு வாரம் ஒரு தலைப்பு. உழைத்துத்தான் தயாரித்திருக்கிறீர்கள். ஆனால் அதில் காராச்சேவு எங்குமே இல்லை.

முதலில் நேரம். உங்கள் பக்கத்தில் பாதி வீட்டுப் பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசு ஆலைக்கோ போகிறவர்கள். சனிக்கிழமை அவர்களுக்கு வேலைநாள். முதல் வாரம் வந்தவர்களில் பலர் உங்கள் முகத்துக்காகக் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். அதை வாரா வாரம் செய்ய முடியாது. குழுவுக்கென்று ஏற்கெனவே ஒரு கூட்டம் இருக்கும். சாயங்காலம் ஏழு, ஏழரைக்கு, யார் வீட்டுத் திண்ணையிலாவது, இல்லை கோயில் வாசலில். சேமிப்புப் பணம் கட்ட எல்லாரும் வந்தே ஆக வேண்டிய கூட்டம் அது. அவர்களிடம் கேட்டுக்கொண்டு அதில் அரை மணி நேரம் வாங்குங்கள். திரும்பி வரும் பஸ்ஸுக்கும் துணைக்கும் கல்லூரியில் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது பாடம். நான்கு மாதப் பாடத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியோடு போங்கள்: ஒரு கிலோ சேவு போட உங்களுக்கு என்ன செலவாகிறது?

நான் பார்த்த குழுக்களில் இதற்கு உடனே பதில் வரும். மாவு, எண்ணெய், மிளகாய்த்தூள் என்று விரல் விட்டுச் சொல்லிவிடுவார்கள். ஒரு ஈடுக்கு, அதாவது ஒரு தடவை போடும் சரக்குக்கு, என்ன கணக்கு வருகிறது என்று நானே ஒன்று போட்டுக் காட்டுகிறேன். விலை ஊருக்கு ஊர் மாறும், முறையை மட்டும் பாருங்கள். கடலை மாவு 5 கிலோ 500 ரூபாய். அரிசி மாவு ஒரு கிலோ 50. சேவு குடித்த கடலை எண்ணெய் 2 லிட்டர் 400. மிளகாய்த்தூள், பூண்டு, பெருங்காயம், உப்பு 100. ஆக 1,050 ரூபாய். ஏழரை கிலோ சேவு வருகிறது, கிலோ 240 என்று போட்டால் 1,800. கையில் 750 நிற்கிறது, நல்ல லாபம் என்று மூன்று பெண்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

இப்போது விட்டுப்போனதை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேஸ்? வீட்டுச் சிலிண்டர்தான், அதற்கு எதற்குக் கணக்கு என்பார்கள். 120 ரூபாய் போடுங்கள். கால் கிலோ பாக்கெட் முப்பதுக்குக் கவரும் ஸ்டிக்கரும் 90. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான். ஆனால் மூட்டையோடு பஸ் நிறுத்தம் வரை ஆட்டோ வேண்டும், 80. உடைந்து தூளாகி வீட்டுப் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போகும் அரைக் கிலோ, 120. மொத்தம் 410. மிச்சம் 340 ரூபாய். மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 113. அடுப்படியில் ஐந்து மணி நேரம் நின்றதற்கு! 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 319 ரூபாய். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது கூட்டத்தில் பேச்சு தானாகக் கிளம்பும். நீங்கள் வாயே திறக்க வேண்டாம்.

எண்ணெய்க் கணக்கைத்தான் எல்லாரும் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். அதை மட்டும் கண்ணால் பார்த்து எழுத வையுங்கள். அடுப்பில் ஏற்றும் முன் சட்டியை எண்ணெயோடு எடை போடுங்கள். கடைசியாகப் பிழிந்ததையும் எடுத்து, நன்றாக ஆறிய பிறகு மறுபடி எடை போடுங்கள். நடுவில் ஊற்றிய எண்ணெயைக் கூட்டிக்கொண்டால் சேவு குடித்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். மாவு தளர்ந்துபோனாலோ, எண்ணெய் காய்வதற்கு முன் பிழிந்தாலோ சேவு கூடுதலாகக் குடிக்கும். அந்த நுணுக்கம் குழுவில் இருக்கும் மூத்த அம்மாவுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அது எத்தனை ரூபாய் என்பதுதான் அவருக்குப் புதுசு. இதற்கு வேண்டியது ஒரு தராசும் ஒரு நோட்டும்தான். நோட்டில் எழுத வேண்டியவர் குழுவில் கணக்கு எழுதும் பெண். உங்கள் கையெழுத்து அதில் வரவே கூடாது, இதில் மட்டும் நான் கறார்.

அப்புறம் என்ன செய்யலாம் என்பதை அவர்களே சொல்வார்கள். கடலை மாவை நாலு குழு சேர்ந்து விருதுநகரில் மொத்தமாக எடுத்தால் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறையும், ஈடுக்கு 50 மிச்சம். உடைசலைத் தனியாகக் கட்டிப் பாதி விலைக்கு விற்றால் 60. இரண்டு ஈடு சரக்கை ஒரே நடையில் கொண்டுபோனால் ஆட்டோவில் 40. தைரியமாக விலையைக் கிலோவுக்கு 20 ஏற்றினால், நல்ல சரக்கு ஏழு கிலோவுக்கு 140. எல்லாம் சேர்ந்து 290. மிச்சம் 630 ஆகி, ஆளுக்கு 210 ஆகிறது. இந்த விலை ஏற்றம்தான் அவர்களுக்கு மிகவும் பயம். ஏற்றினால் கடைக்காரர் வேண்டாம் என்றுவிடுவார் என்பார்கள். அங்கேதான் நீங்கள் உதவ முடியும். எட்டுப் பேர் இருக்கிறீர்கள், எட்டுக் கடையில் போய் இதே ரகம் என்ன விலைக்குப் போகிறது, கடைக்காரருக்கு எவ்வளவு கமிஷன், வாரத்துக்கு எத்தனை கிலோ எடுக்கிறார் என்று கேட்டு எழுதி வாருங்கள். அந்தத் தாளைக் கூட்டத்தில் படித்துக் காட்டினால் அதுவே சந்தை ஆய்வு.

போட்டியாளர் பற்றியும் வணிகத் திட்டம் பற்றியும் பேசுவதற்கு நேரம் பின்னால் வரும். அப்போது அவர்களே கேட்பார்கள்.

எங்கள் அணி பினாயில், மெழுகுவர்த்தி, காகிதப் பை மூன்றும் கற்றுக்கொடுக்கத் திட்டமிட்டிருக்கிறது. வேறு நல்ல பொருள் சொல்லுங்களேன்.
— மாணவர், தூத்துக்குடி மாவட்டம்

தம்பி, மூன்றுமே வேண்டாம். ஒரே ஒன்றியத்தில் நாலு கல்லூரி போய் நாலு குழுவுக்குப் பினாயில் கற்றுக்கொடுத்துவிட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். செய்வது எளிது, ஒரு மணி நேரத்தில் செய்து காட்டிப் படம் எடுத்துவிடலாம் என்பதால் எல்லாரும் அதையே எடுக்கிறார்கள். வாங்குவது யார்? பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் டெண்டரில் வாங்குகின்றன, வீடுகள் கடையில் வாங்குகின்றன.

பொருளை நீங்கள் கொண்டுபோகாதீர்கள். ஊரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருப்பட்டி செய்யும் குடும்பங்களுக்குச் செய்முறையில் நீங்கள் சொல்லித்தர ஒன்றுமில்லை. அவர்களுடைய கஷ்டம் வேறு. பதநீர் இறங்கும் மாதங்களில் எல்லார் கையிலும் சரக்கு இருக்கும், விலை விழும். வைத்திருந்து விற்கலாமென்றால் மழைக்காலத்து ஈரத்தில் கருப்பட்டி கசியத் தொடங்கிவிடும். அதோடு கருப்பட்டி என்ற பெயரில் சீனி கலந்த சரக்கு சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. ஈரம் புகாமல் எப்படிக் கட்டுவது, எப்படி அடுக்கி வைப்பது, அசல் என்பதை வாங்குகிறவருக்கு எப்படிக் காட்டுவது, சீசனுக்கு முன்பே வாங்குகிறவரை எப்படிப் பிடிப்பது. இந்த நாலில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு வருஷம் உழைத்தால் போதும். உங்கள் கல்லூரியில் வேதியியல் துறை இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள், பி.காம். பிள்ளைகள் மட்டும் போனால் இது முடியாது.

மணப்பாட்டின் பனையோலைப் பெட்டி இருக்கிறது, பக்கத்து மாவட்டத்தில் பத்தமடைப் பாய் இருக்கிறது. அங்கெல்லாம் கை வேலைக்குக் குறைவில்லை. ஒரு பாய் நெய்ய எத்தனை நாள், அந்த நாளுக்கு என்ன கூலி என்று கணக்குப் போட்டு விலை சொல்லும் தைரியம்தான் வேண்டியிருக்கிறது.

அக்கா, நாங்கள் மசாலாப் பொடி செய்யும் குழு. காலேஜ் பிள்ளைகள் வந்து எங்களுக்கு ஒரு பெயர் வைத்து, ஸ்டிக்கர் அடித்து, இன்ஸ்டாகிராமில் பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் போனது. பிள்ளைகள் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். அந்தப் பக்கத்துக்கு என்ன பாஸ்வேர்டு என்று எங்களுக்குத் தெரியாது. ஸ்டிக்கரில் இருப்பதும் அந்தப் பிள்ளையின் நம்பர்தான். கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. என்ன செய்வது?
— குழு ஊக்குநர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கோபமே இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத்தான் கோபம் வந்தது. பிள்ளைகள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். ஆனால் குழுவின் பெயரும் வாடிக்கையாளரும் குழுவின் சொத்து, அது இன்னொருவர் போனுக்குள் பூட்டிக் கிடப்பது சரியில்லை.

முதலில் ஸ்டிக்கர். அடுத்த தடவை அடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். குழுவுக்கென்று ஒரு சிம் வாங்குங்கள், அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். அந்த எண்ணைச் சின்னத் தாளில் அச்சடித்துப் பழைய எண் மேல் ஒட்டிவிடுங்கள். அந்த போன் ஊக்குநரிடமோ பிரதிநிதியிடமோ இருக்கட்டும், யாரிடம் இருக்கிறது என்பதை, கூட்ட முடிவுகளை எழுதும் தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். நாளைக்குப் பொறுப்பு மாறினால் போனும் மாற வேண்டும்.

இரண்டாவது, அந்தப் பிள்ளைக்கு நீங்களே போன் செய்யுங்கள். கூச்சப்பட வேண்டாம். பக்கத்தோடு இணைத்த மின்னஞ்சலையும் போன் எண்ணையும் குழுவினுடையதாக மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் இருக்கும் ஊரிலிருந்தே செய்துவிடலாம், பத்து நிமிட வேலை. மாற்றும்போது குழுவின் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதைச் சொன்னால் முடிந்தது. ஆள் கிடைக்கவில்லை என்றால் கல்லூரித் துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், குழுவின் முத்திரையோடு. முன்னாள் மாணவரைத் தேடிப் பிடிப்பது கல்லூரிக்குக் கஷ்டமில்லை.

மூன்றாவது, உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பாக்கெட்டில் 14 இலக்க எண் இருக்கும். அந்தப் பதிவுச் சான்றிதழில் குழுவின் பெயரோ உங்கள் உறுப்பினர் ஒருவரின் பெயரோதான் இருக்க வேண்டும். பணம் வரும் க்யூஆர் அட்டையும் அப்படியே. தனி ஒருவர் கணக்குக்குப் போகாமல் குழுவின் வங்கிக் கணக்குக்கே பணம் வரட்டும். ஏற்பாடு செய்துதரச் சொல்லி உங்கள் கிளையில் கேளுங்கள்.

இனி எந்தக் கல்லூரி வந்தாலும் இந்த நாலையும் முதல் நாளே பேசிவிடுங்கள். பெயர், போன், பதிவு, கணக்கு. எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட பிறகு படம் எடுக்கட்டும். கேட்டால் பிள்ளைகள் வருத்தப்படுவார்களோ என்று நினைக்காதீர்கள். வங்கிக்காரி நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இந்தப் பதிலை மாணவர்களும் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களில் யாருடைய போனிலாவது இப்படி ஒரு குழுவின் பக்கம் இருந்தால், இன்றைக்கே ஒப்படைத்துவிடுங்கள்.

குழுவுக்கு ஜிஎஸ்டி, உத்யம், உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாமே எடுக்க வேண்டுமா? ஏஜென்ட் ஒருவர் 6,000 ரூபாய் கேட்கிறார்.
— மாணவர் அணி, திருநெல்வேலி

ஏஜென்ட் வேண்டாம். பி.காம். படிக்கும் நீங்கள் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

தின்பண்டம் விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் கட்டாயம் பதிய வேண்டும். வீட்டளவில் செய்கிறவர்களுக்குச் சிறு தயாரிப்பாளருக்கான பதிவு போதும், பெரிய உரிமம் தேவையில்லை. உத்யம் என்பது சிறுதொழில்களுக்கான பதிவு, 2020 ஜூலை முதல் நாளிலிருந்து நடப்பில் இருக்கிறது, அரசு இணையதளத்தில் பதிய ஒரு பைசா கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. ஜிஎஸ்டி, தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கிறவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான். உங்கள் குழு அதை எட்டும்போது எனக்கு எழுதுங்கள், சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன்.

பாக்கெட்டில் பொருளின் பெயர், செய்தவர் முகவரி, சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகாருக்கு ஒரு போன் எண், சைவக் குறி எல்லாம் இருக்க வேண்டும். எடை போடும் தராசில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பல குழுக்கள் இதைக் கவனிப்பதில்லை.

கல்லூரி விழாவில் ஸ்டால் போட்டு 40,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். அதைக் குழுப் பெண்களுக்குக் குறைந்த வட்டிக்குக் கடனாகக் கொடுத்துச் சுழற்றலாம் என்று நினைக்கிறோம். முகமது யூனுஸ் செய்தது போல.
— எம்.பி.ஏ. மாணவர், மதுரை

உங்கள் மனசு நல்ல மனசு. ஆனாலும் கடன் கொடுக்காதீர்கள்.

யூனுஸ் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள், தம்பி. 1976இல் வங்கதேசத்தின் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்தவர், பக்கத்து ஜோப்ரா கிராமத்துக்குப் போனார். மூங்கில் முக்காலி முடையும் பெண்கள் மூங்கில் வாங்க வியாபாரியிடமே கடன் வாங்கி, முடைந்ததை அவரிடமே அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்படி மாட்டிக்கொண்டவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுக்க அவருடைய மாணவர் உதவியும் இருந்தது. 42 பேர், எல்லாருடைய தேவையும் சேர்ந்து 27 டாலர். தன் பையிலிருந்து கொடுத்தார். இதுவரைக்கும்தான் மேடையில் சொல்வார்கள். கொடுத்த பிறகு, ஒரு பேராசிரியர் பையிலிருந்து கொடுப்பது நிலைக்காது என்று அவருக்கே புரிந்தது. ஜனதா வங்கிக்குப் போய், தானே ஜாமீன் நின்று அந்த ஏழைகளுக்குக் கடன் வாங்கிக் கொடுத்தார். அந்த முயற்சி கிராமீன் வங்கி என்ற தனி வங்கியாக மாற 1983 வரை ஆனது. அத்தனை வருஷம் அந்தக் காரியத்தைவிட்டு நகராமல் இருந்தார். நீங்கள் அடுத்த மே மாதம் வேலைக்குப் போய்விடுவீர்கள். தவணையை யார் வாங்குவது?

நம் ஊரில் கடனுக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசின் மகளிர் குழுக்கள் 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் தொடங்கின. குழுக்களை வங்கியோடு இணைக்கும் முறையை, விவசாய, ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டு 1992இல் கொண்டுவந்தது. இன்றைக்கு ஒழுங்காகக் கூட்டம் போட்டு, சேமித்து, தங்களுக்குள்ளேயே உள்கடன் கொடுத்து வாங்கி, நோட்டு எழுதும் குழுவுக்கு வங்கி கதவைத் திறக்கிறது. கிளையில் இருந்தபோது நான் முதலில் பார்ப்பது தீர்மான நோட்டைத்தான். ஒரே பேனாவில், ஒரே நாளில் ஆறு மாதத்தை எழுதிக் கொண்டுவந்தால் பார்த்ததுமே தெரிந்துவிடும். மழையில் நனைந்து, மஞ்சள் கறை பட்டு, வாரா வாரம் வேறு வேறு மையில் எழுதிய நோட்டு என்றால் நம்பிக் கையெழுத்துப் போடலாம். ஆகவே பணம் இல்லாமலே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்த நோட்டை வாரா வாரம் எழுதும் பழக்கம்.

40,000 ரூபாயை என்ன செய்வது? சரக்கு வாங்குங்கள். தீபாவளிக்கு உங்கள் கல்லூரி ஊழியர்களுக்கும் விடுதிக்கும் எவ்வளவு பலகாரம் வேண்டும் என்று கேட்டு, குழுவிடம் ஆர்டர் கொடுத்து முன்பணமாகக் கொடுங்கள். விற்றதும் பணம் உங்களிடம் திரும்பும், பொங்கலுக்கு மறுபடி கொடுக்கலாம். குழுவுக்குக் கடன் சுமை இல்லை, ஒரு பெரிய ஆர்டரை நேரத்துக்கு முடித்துக் கொடுத்த அனுபவம் மிச்சம். மகளிர் குழுக்களைப் பார்த்துக்கொள்ளும் அரசின் மகளிர் திட்டத்தில் கல்லூரிச் சந்தை என்று ஒன்று நடத்துகிறார்கள், குழுக்களின் பொருள்களைக் கல்லூரி வளாகத்துக்குள் கொண்டுவந்து விற்பது. கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டு உங்கள் கல்லூரிக்கும் அழைத்து வாருங்கள்.

நான் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர். எங்கள் முதல்வர், வெளிநாட்டு மாணவர் தொழில்முனைவு அமைப்பு ஒன்றில் சேரலாம் என்கிறார். ஏற்கெனவே இருக்கும் என்எஸ்எஸ் போதாதா?
— உதவிப் பேராசிரியர், விருதுநகர் மாவட்டம்

முதல்வர் சொல்வது எனாக்டஸ் போன்ற அமைப்பாக இருக்கலாம். 1975இல் அமெரிக்காவில் வேறு பெயரில் தொடங்கி, 2012இல் இந்தப் பெயருக்கு மாறியது. கல்லூரிக்கு ஓர் அணி, அணி ஒரு சமூகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வருமானம் பெருக வேலை செய்யும், ஆண்டுதோறும் போட்டி. தேசிய அளவில் ஜெயித்தால் உலகப் போட்டி. இந்தியாவில் டெல்லிக் கல்லூரிகளில் இது நன்றாக வேர் பிடித்திருக்கிறது. மற்ற நாட்டு அணிகளைப் பார்க்கும் வாய்ப்பும், முடிவை எண்ணில் காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் நல்ல விஷயங்கள். போட்டி நாள் நெருங்க நெருங்க அணியின் கவனம் ஊரைவிட்டு மேடைக்குப் போய்விடுவதுதான் எனக்குக் கவலை. சேருங்கள், ஆனால் போட்டி மாதத்திலும் ஊர்க் கூட்டம் தவறக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

என்எஸ்எஸ் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பரில் பிறந்தது. மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம், அதுபோக ஏழு நாள் சிறப்பு முகாம். இந்த ஏழு நாளில் தொழில் கற்றுக்கொடுக்க முடியாது, முயலவும் வேண்டாம். 120 மணி நேரத்தைப் பிரியுங்கள். வாரத்துக்கு மூன்று மணி என்று வைத்தால் நாற்பது வாரம் ஒரே குழுவோடு இருக்கலாம். ஒரு குழுவுக்கு விதைப்பிலிருந்து அறுவடை வரை, ஆடி மந்தத்திலிருந்து தீபாவளி விற்பனை வரை எல்லாமும் அந்த நாற்பது வாரத்துக்குள் வந்துவிடும். கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கும் மத்திய அரசுத் திட்டமான உன்னத் பாரத் அபியானில் உங்கள் கல்லூரி இருந்தால் தத்தெடுத்த கிராமங்கள் ஏற்கெனவே இருக்கும். புதுக் கிராமம் தேடாமல் அதிலேயே ஒன்றைப் பிடியுங்கள். திட்டத்தின் பெயர் எதுவானாலும் பரவாயில்லை, ஊர் மாறாமல் இருக்கட்டும்.

என் மகள் சனி, ஞாயிறு, சாயங்காலம் என்று கிராமத்துக்குப் போய்விடுகிறாள். வியாபாரம் சொல்லிக்கொடுக்கிறாளாம். படிப்பு கெட்டுவிடுமோ என்று அவள் அம்மாவுக்கு பயம்.
— ஒரு தந்தை, கோவில்பட்டி

ஐயா, யாரோடு போகிறாள், எப்போது திரும்புவாள், கூட ஆசிரியர் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் அந்த ஊருக்கே போய்ப் பாருங்கள்.

படிப்பு கெடாது. அடக்க விலைக் கணக்கைப் புத்தகத்தில் படித்துத் தேர்வெழுதியவர்கள் என் கிளைக்கே பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். எண்ணெய்ச் சட்டியை எடை போட்டுக் கற்றவள் நேர்முகத் தேர்வில் தடுமாற மாட்டாள். இரண்டையும் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், போகட்டும்.

நாங்கள் இறுதி ஆண்டு. ஏப்ரலில் தேர்வு. எங்கள் குழு இன்னும் எங்களை நம்பித்தான் இருக்கிறது. ஜூனியர்களிடம் ஒப்படைப்பதா, முடித்துக்கொள்வதா?
— மாணவி, சிவகாசி

இப்போதே கேட்டது நல்லது. பல அணிகள் பிரிவுபசார விழாவுக்கு முந்தின வாரம்தான் இதை யோசிக்கின்றன.

டிசம்பரிலிருந்து ஒவ்வொரு வேலையாகக் கையைவிடுங்கள். முதலில் கடைக்காரரிடம் பேசுவது. ஒரு வாரம் அவர்களைப் பேசவிட்டு நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், அடுத்த வாரம் போகாதீர்கள். அப்புறம் பில் எழுதுவது, கவர் ஆர்டர் கொடுப்பது, ஆன்லைனில் பதில் போடுவது. விற்பனை கொஞ்சம் குறையும். குறையட்டும். உங்கள் அறிக்கையில் அந்தக் குறைவையும் அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் போடுகிற ஆசிரியர் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். கடினமானது ஒன்று இருக்கும், அநேகமாக மின்னணு வேலை ஏதாவது. அதற்குக் குழு உறுப்பினர் யாருடைய வீட்டிலாவது பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்த பெண் இருக்கிறாளா பாருங்கள். அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள், அதற்குக் குழு மாதம் ஒரு தொகை அவளுக்குக் கொடுக்கட்டும். சும்மா செய்யச் சொல்ல வேண்டாம்.

குழு சொந்தமாக நடக்கிறது என்றால் ஜூனியர்களை வேறு குழுவுக்கு அனுப்புங்கள். வாரிசு வேண்டும் என்பதற்காக இங்கேயே நிறுத்தி வைக்காதீர்கள். நடக்கிறதா இல்லையா என்பது ஜூலை மாதத்தில் தெரியும். தேர்வு முடிந்து நீங்கள் யாரும் போகாத மே, ஜூன் இரண்டு மாதத்து வரவு செலவும் நோட்டில் இருக்கிறதா என்று ஜூலையில் ஒருவர் போய்ப் பாருங்கள். இருந்தால் சரி. பக்கங்கள் காலியாக இருந்தால் ஆகஸ்டிலிருந்து ஜூனியர்களை அங்கே அனுப்புங்கள், பாடத்தை மறுபடி அடக்க விலையிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.